அவனா கை நீட்டட்டும்

—கதவ சாத்துங்க. மொதல்ல கதவ சாத்திட்டு அப்புறம் பேசுங்க.

—இன்னா அம்சா, பட்டப்பகல்ல? வேர்த்துக் கொட்டுது. திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் வரைக்கும் ரயில்ல நின்னுக்கினே வந்திருக்கேன்.

—பக்கத்துல உங்க அக்கா சோறு வடிக்கிறாங்க. வாசன இந்தாண்ட வருது. புள்ள மூக்குல படும்.

—பட்டா இன்னா ஆவும்?

—படக்கூடாது. அவ்ளோதான்.

—சரி, சாத்திட்டேன், போதுமா? பதினஞ்சு நாளு கழிச்சி வூட்டுக்கு வர்றவன் கிட்ட பேசற மொத பேச்சா இது? ஒரு சொம்பு தண்ணி கெடையாது, குந்துன்னு ஒரு வார்த்த கெடையாது.

—பானையில இருக்குது, மொண்டு குடிங்க. நான் புள்ளய மடியில வெச்சிருக்கேன் இல்ல?

—தூங்கறானா?

—காலையிலேர்ந்தே நல்ல தூக்கம். எழுப்பாதீங்க.

—எழுப்பல. குடு இப்டி. டேய் தவுட்டான்! அப்பன் வந்திருக்கேன்டா... அட, அம்சா! இன்னா இது, கன்னத்துல சத வெச்சிட்டான்! மெய்யாலுமே கன்னம் வெச்சிட்டான்!

—நான் சொன்னா நீங்க எங்க நம்பறீங்க? போன தபா வந்துட்டு ரெண்டு நாளா என் உசுர எடுத்தீங்க. எலும்பும் தோலுமா இருக்கான், கஞ்சியாவது குடு, கூழாவது குடுன்னு. இப்ப பாருங்க. ஒரு பருக்க உள்ள போவல. எல்லாம் என் பாலுதான்.

—காலு கூட தடிச்சிருக்குதே.

—மொதல்ல பாதம் சத வெச்சுது. அப்புறம் மொகம். தெனம் பாத்துக்கினுதான் இருக்கேன். எனக்கு எப்டி இருந்துது தெரியுமா? சாமி சத்தியமா சொல்றேன், மூணு வருசத்துல மொத தபாவா கண்ணாடியில என் மொகத்தப் பாத்துக்கினேன்.

—ராத்திரி கத்தறதெல்லாம்?

—வுட்டுட்டான். எட்டு நாளாச்சி. போட்ட எடத்துல சமத்தா கெடக்கறான். ஒரு பேஜாரு இல்ல.

—பொறந்ததும் இவன ராயப்பன் பொண்டாட்டி கிட்ட குடுத்துட்டு, ஒரு மொறம் தவுடு குடுத்துத் திருப்பி வாங்கினோமே, அது வீண் போவல போல. எமனுக்கு இது நம்ம புள்ளன்னு தெரியவே இல்ல.

—உரக்க சொல்லாதீங்க.

—சொல்லல, சொல்லல. இந்தா, அந்தத் தண்ட எங்க? போன தபா போட்டு லொடலொடன்னு கழண்டு வுழுந்துதே, வெள்ளித் தண்ட.

—மாடத்துல இருக்குது.

—எடு. போட்டுப் பாக்கலாம்... இன்னாடி, நொழைய மாட்டேன்னுது! பாதத்தத் தாண்டி வர மாட்டேன்னுது பாரு. பதினஞ்சு நாளுல! அடப் பயலே, ஆசாரி கிட்ட குடுத்து இத சின்னதாக்கணும்னு இருந்தேன். இப்ப பெருசாக்கணும் போல இருக்குதே!

—பலமா அமுக்காதீங்க. வலிக்கும்.

—வலிச்சா அழுவ மாட்டானா? கண்ணக் கூட தொறக்கல பயலு. சரி, இந்தா புடி. பசிக்குது, சோறு போடு.

—கூழு இருக்குது. கேப்பைக் கூழு. சட்டியோட தோட்டத்துக்கு எடுத்துக்கினு போய்டுங்க.

—தோட்டத்துக்கா?

—முருங்க மரத்தாண்ட. மொகத்த அந்தாண்ட திருப்பிக்கினு துன்னுங்க. நானும் அங்கதான் துன்றேன். துன்னுட்டு வாய் கொப்புளிச்சி, கைய சோப்பு போட்டுக் கழுவிக்கினுதான் புள்ளயத் தொடுவேன்.

—அம்சா, உனக்கே இது கொஞ்சம் அதிகமாத் தோணல?

—தோணல.

—இப்டி வா. குந்து. நான் ஒண்ணு கொண்டாந்திருக்கேன். இந்தத் துண்ட அவுத்துப் பாரு.

—இன்னா... அரிசி.

—பச்சரிசி. ஊரு பூரா அரிசி இல்லாம அல்லாடுது. எங்க மில்லு மேஸ்திரிக்கு செய்யூராண்ட நெலம் இருக்குது. புள்ளைக்கு மொத சோறு ஊட்டணும்யா, ரேஷன் அரிசியில ஊட்ட மனசு வரலன்னேன். ரெண்டு படி அளந்து குடுத்தாரு. நாளைக்குக் காலையில பனமலைக் கோயிலுக்குப் போயி...

—பனமலையா? செண்பகத்துக்கு ஊட்டின எடத்துக்கா? அந்தப் பேச்சு எடுக்காதீங்க.

—சரி, பனமலை வேணாம். வூட்லயே ஊட்டலாம். ஒரு வெளக்கு ஏத்தி...

—வேணாம்.

—பதினாலு மாசம் முடிஞ்சிடுச்சி, அம்சா.

—முடியட்டும். நீங்க இன்னா சொன்னீங்க? புள்ளையார் கோயிலாண்ட கற்பூரம் அடிச்சி சொன்னது மறந்து பூட்டுதா? "அவனா கை நீட்டட்டும். அவனா எப்ப சோத்தப் பாத்துக் கை நீட்றானோ அன்னைக்கு ஊட்டலாம், அது வரைக்கும் கேக்க மாட்டேன்"னு சொன்னீங்க இல்ல? நான் சொல்லல. நீங்க சொன்னீங்க.

—சொன்னேன். அவனுக்கு அப்ப ஆறு மாசம். எட்டுலயோ ஒம்பதுலயோ நீட்டுவான்னு நெனச்சி சொன்னேன். எந்தப் புள்ளதான் நீட்டாது? எங்க மேஸ்திரி பேத்தி எட்டு மாசம், அவரு கடல உரிச்சப்ப வேட்டியில ஒட்டிக்கினு இருந்த மல்லாட்டத் தோலக் கூட எடுத்து வாயில போட்டுக்குது.

—இவன் நீட்டல.

—ஒரு தபா கூடவா?

—ஒரு தபா கூட. அவனுக்கு சோறு வேண்டியதில்ல. வேண்டியிருந்தா இப்டி கன்னம் வெப்பானா?

—அது இன்னவோ மெய்தான். கன்னம் வெச்சிருக்கான். அதான் எனக்கும் ஒண்ணும் புரியல. மில்லாண்ட ஒரு கம்பவுண்டர் இருக்காரு, நல்ல மனுசன், அவரு கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். மொதல் ரெண்டும் எப்டிப் போச்சுன்னு சொன்னேன்.

—ஊரெல்லாம் சொல்லிக்கினு வாங்க.

—கேளு. சோறு கொல்லலப்பா, தண்ணிதான் கொன்னிருக்கும்னாரு. பனமலையில அன்னைக்கு ஏரித் தண்ணிய அப்டியே சங்குல ஊத்தினோம் இல்ல? வளவனூர்ல உங்க ஆத்தா வூட்ல பூமாலைக்கு ஊட்டினப்ப கூட கெணத்துத் தண்ணி செவப்பா இருந்துது. தண்ணியக் காய்ச்சி, சட்டியக் கழுவி, பாதி வாய், கால் வாய்னு குடுத்தா ஒண்ணும் ஆவாதுன்றாரு.

—ஏரித் தண்ணிய பனமலைக்கு வந்த அத்தன பேரும்தான் குடிச்சாங்க. நீங்க குடிச்சீங்க, நான் குடிச்சேன். என் பொண்ணு மட்டும்தான் செத்துப் போனா. அன்னைக்கு அவ வாயில புதுசாப் போனது சோறு ஒண்ணுதான். ஒம்பது நாளு. வயித்தால போயி, போயி, கண்ணு உள்ள போயி, ஒம்பதாம் நாளு காலையில என் தோளுமேலயே குளுந்து போனா. பூமாலைக்குப் பன்னெண்டு நாளு. அவன் அந்த மொத வாய எப்டித் துப்பினான்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குதா? துப்பினான். வேணாம் வேணாம்னு நாக்கால தள்ளினான். நாமதான் சிரிச்சிக்கினே வழிச்சி வழிச்சி ஊட்டினோம்.

—அழுவாதடி.

—நான் அழுவல. எனக்கு அழுக வர்றதில்ல. அதுவும் தவிர, ஊட்டின கைய நெனச்சிப் பாத்தீங்களா? ரெண்டு தபாவும் ஒரே கை.

—மெதுவா பேசு. அக்கா பக்கத்துலதான் இருக்குது.

—எனக்குக் கூடப் பொறந்தவன் இல்ல. தாய்மாமன் மடியில குந்த வெச்சி ஊட்டறதுக்கு ஆளில்லன்னுதான் உங்க அக்கா கையில குடுத்தேன். புள்ள பெறாத கை. அந்தக் கை பட்டுதான் என் ரெண்டு புள்ளையும்...

—அம்சா! வாய மூடு!

—மூட வேணாம்டா தம்பி. எல்லாம் கேட்டுது. கதவு சாத்தியிருந்தாலும் நடுவுல செவுரு மண்ணுதானே.

—அக்கா... நீ எப்ப வந்தே?

—நீ வந்திருக்கேன்னு கொஞ்சம் கருவாட்டுக் கொழம்பு எடுத்துக்கினு வந்தேன். தோட்டத்துக் கதவு சும்மா சாத்தியிருந்துது, தள்ளினேன். நான் ஒண்ணும் சொல்லல. கொழம்ப வெச்சிட்டுப் போறேன்.

—அண்ணி, அத உள்ள கொண்டாராதீங்க. வாசன.

—வெளியவே வெச்சிட்டேன், தாயி. பதினாலு மாசமா உன் புள்ள நெழலக் கூட நான் மிதிக்கல. இந்தக் கிருஷ்ணவேணி கையில ராசி இல்லன்னு நீ நெனக்கிறது எனக்குத் தெரியாதா? நானே அப்டித்தான் நெனச்சிக்கினு இருக்கேன். பூமாலை போனதுலேர்ந்து இந்த வலது கையால நான் வேற ஒரு கொழந்தையத் தொட்டதில்ல, யாரு வூட்டுப் புள்ளயா இருந்தாலும். நான் ஒண்ணும் சொல்லல.

—அக்கா, அவ ஏதோ மனசு ஒடஞ்சி பேசறா. நீ குந்து.

—குந்த வரல. ஆனா ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போறேன். அம்சா, உனக்குப் பாலு வருதாடி?

—வருது.

—கூழத் தவிர வேற ஒண்ணும் நீ துன்னு நான் பாக்கல. அதுவும் முருங்க மரத்தடியில திருடி மாதிரி நின்னுக்கினு ரெண்டு வாய். பதினாலு மாசம் உறிஞ்சி எடுத்த பொறவு அங்க இன்னா இருக்கும்?

—அக்கா, நீ வேற. பையன நல்லாப் பாரு. உப்பி இருக்கான். பாலு இல்லாமலா? இதோ, தண்ட கூட நொழைய மாட்டேன்னுது.

—எங்க? இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துல காட்டு.

—தொடாதீங்க அண்ணி!

—நான் தொடல. இதோ, கைய முந்தானையில சுத்திக்கினேன். தம்பி, அந்த ஜன்னலாண்ட கொண்டா... இன்னாடா, தல மயிரு இப்டி செம்பட்டயா இருக்குது?

—வெயிலு.

—இவ எங்க இவன வெயில்ல காட்டினா? தம்பி, நீ ஒண்ணு பண்ணு. கட்ட வெரல வெச்சி அவன் பாதத்து மேல அழுத்து. நல்லா அழுத்து.

—எதுக்குக்கா?

—அழுத்துடா.

—சரி... அழுத்திட்டேன்.

—இப்ப எடு.

—எடுத்துட்டேன்.

—இன்னா தெரியுது?

—குழி வுழுந்திருக்குது.

—மேல வருதா?

—வரும்... இரு. இல்ல. வரல. அப்டியே நிக்குது. அக்கா, இன்னா இது? மாவுல அழுத்தின மாதிரி அப்டியே இருக்குது.

—சத இல்லடா, தம்பி. தண்ணி. ஒடம்பு பூரா தண்ணி கோத்துக்கினு இருக்குது.

—பொய்! அண்ணி பொய் சொல்றாங்க. நம்பாதீங்க. பதினாலு மாசம் கழிச்சி என் புள்ள மேல கண்ணு போட வந்துட்டாங்க.

—அம்சா, உன் தல மேல சத்தியமா, நான் ஏன்டி பொய் சொல்லணும்? டேய் சீனு, உனக்கு மேல சின்னக்கண்ணுன்னு ஒரு தம்பி எனக்கு இருந்தான்டா. நீ அப்ப கைப்புள்ள, உனக்குத் தெரியாது. பஞ்ச காலம். அவன் இப்டித்தான் மொதல்ல இளைச்சான். அப்புறம் திடீர்னு காலு, மொகம் எல்லாம் சத வெச்சுது. அம்மா தெருவெல்லாம் தூக்கிக்கினு போயி காட்டுச்சி, என் புள்ள தேறிட்டான் பாருங்க, பாருங்கன்னு. அழுவறத நிறுத்திட்டான். எல்லாரும் சமத்துன்னாங்க.

—அப்புறம்?

—அப்புறம் இன்னா அப்புறம்? அவன் இருந்தா இன்னேரம் உன் கூட நின்னுக்கினு இருக்க மாட்டானா?

—அழுவறத நிறுத்திட்டான்... அக்கா, அந்தக் கம்பவுண்டரு என் கிட்ட இதத்தான் கேட்டாரு. புள்ள அழுவறானான்னு கேட்டாரு. ராத்திரி பூரா அழுவறான் சார்னேன். அழுவற வரைக்கும் பயப்படாதே, பசி இருக்குதுன்னு அர்த்தம். அழுவறத நிறுத்தினான்னா அன்னைக்கே தூக்கிக்கினு ஆசுபத்திரிக்கு ஓடு, ஒரு நாளு கூட வெச்சிக்கினு இருக்காதேன்னாரு.

—எத்தினி நாளாச்சி நிறுத்தி?

—எட்டு நாளு. இவதான் சொன்னா. எட்டு நாளு! ஏன்டி அம்சா, ஒரு கார்டு போட்டா ஓடியாந்திருக்க மாட்டேனாடி?

—நல்லா ஆய்ட்டான்னு நெனச்சேங்க. தேறிட்டான்னு நெனச்சேன். நீங்க திடீர்னு வந்து பாத்தா சந்தோசப்படுவீங்கன்னுதான் கார்டு போடல.

—காலையிலேர்ந்து பாலு குடிச்சானா?

—தூங்கிக்கினே இருக்கான்.

—குடிச்சானா, இல்லையா?

—இல்ல. வாயில வெச்சேன். புடிக்கல.

—கையத் தொட்டுப் பாக்கறேன்... சில்லுன்னு இருக்குதுக்கா. இவ்ளோ வெயில்ல கை சில்லுன்னு இருக்குது. அம்சா, என்னப் பாரு. இவன் தல மேல கைய வெச்சி சொல்லு. இந்தப் பதினாலு மாசத்துல இவன் ஒரு தபா கூட சோத்துக்குக் கை நீட்டலையா?

—தல மேல கை வெக்க சொல்லாதீங்க.

—சொல்லு.

—நீட்டினான்.

—எப்ப?

—ஏழாம் மாசத்துலயே நீட்டினான். ஐப்பசியில. நான் இங்க குந்திக் கூழு குடிச்சிக்கினு இருந்தேன். தவழ்ந்து வந்து சட்டியப் புடிச்சான். கைய எடுத்து வுட்டேன். அன்னையிலேர்ந்துதான் தோட்டத்துல துன்றேன்.

—ஐப்பசியிலயா? இது ஆனி மாசம்டி!

—தையில இந்தி கலாட்டா வந்து ரயிலு நின்னு, ஒரு மாசம் நீங்க வரல இல்ல? அப்பதான் ரொம்ப. நான் எங்க போனாலும் பின்னாலயே வந்தான். முருங்க மரத்தடிக்கும் வந்தான். ஒரு நாளு என் வாயத் தொறந்து உள்ள வெரல வுட்டு, நான் மென்னுக்கினு இருந்தத எடுத்துத் தன் வாயில போட்டுக்கினான். எனக்கு செண்பகம் மொகம் தெரிஞ்சுது. குப்புறப் போட்டு, தொண்டையில வெரல வுட்டு, தோண்டித் தோண்டி எடுத்தேன். ஒரு பருக்க இல்லாம எடுத்தேன். வாயக் கழுவினேன். அவன் என்ன ஒரு பார்வ பாத்தான். அதுக்கப்புறம் கை நீட்டினா அந்தக் கையிலயே அடிப்பேன். பழகட்டும்னு. எத்தினி தபான்னு கேக்காதீங்க. எண்ணல.

—அடிப்பாவி.

—சொல்லுங்க. இன்னும் சொல்லுங்க. போன வாரம் கூட, கோரப்பாயி ஓரத்தப் பிச்சி வாயில போட்டுக்கினான். அதையும் புடுங்கிட்டேன். அப்புறம்தான் கேக்கறத நிறுத்தினான். நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேங்க. இவன் ஒருத்தன் எனக்குத் தங்கிட்டான்னு நெனச்சேன்.

—தம்பி, இப்ப திட்டி இன்னா பண்றது? பாண்டிச்சேரி வண்டி எத்தினி மணிக்கு?

—ரெண்டரைக்கு. அங்க பெரிய ஆசுபத்திரிக்குப் போய்டலாம். மணி இன்னா?

—ஒண்ணே முக்கால் வண்டி இப்பதான் ரயில்வே கேட்ட தாண்டிப் போச்சி. ராயப்பன் வூட்லதான் இருப்பான், ஜட்காவப் பூட்டிக்கினு வரச் சொல்லு. ஜல்தி ஓடு. சட்ட போட்டுக்கினு நிக்காதே, போ!

—தோ ஓடறேன். அக்கா, நீ இங்கயே இரு. இவள வுட்டுட்டுப் போவாதே.

—போவல. ஓடு.

—அண்ணி.

—இன்னா?

—நீங்க வடிச்ச சோறு இருக்குதா?

—இருக்குது. இப்பதான் வடிச்சேன்.

—கொண்டாங்க. கதவையும் தொறந்து வுடுங்க. ரெண்டு கதவையும்.

—இந்த நேரத்துல சோறு ஆவாதுடி. கஞ்சித் தண்ணி கொண்டாறேன். உப்புக் கல்லு போட்டு ஒரு சொட்டு நாக்குல வுடலாம்.

—ரெண்டும் கொண்டாங்க. எனக்கு அவன் கை நீட்றதப் பாக்கணும். ஒரு தபா பாத்துட்டா போதும்.

—இரு, வர்றேன்.

—தவுட்டான்... டேய், ராசா. எழுந்திரு. அத்த சோறு கொண்டாருது. வாசன வருது பாரு. அம்மா இனிமே கதவ சாத்த மாட்டேன். அடிக்க மாட்டேன். ராசா, இங்க பாரு...

—இந்தா. கைய வெச்சிப் பாத்துட்டேன், சூடு ஆறிடுச்சி. அது சோறு, இது வடிச்ச கஞ்சி.

—மொதல்ல சோத்தக் காட்டறேன் அண்ணி. டேய், இதப் பாரு. வெள்ளையா, சூடா இருக்குது பாரு. நீதானே கேட்டே? இந்தா. கைய நீட்டு. ஒரு வெரலயாவது நீட்டுடா. அண்ணி, கண்ண இப்டிப் பாதி தொறந்தான், பாத்தீங்களா? பாக்கறான். ஆனா கை வர மாட்டேன்னுது. ஏன் அண்ணி வர மாட்டேன்னுது?

—அவனுக்குத் தெம்பு இல்லடி.

—பயப்படறான். அடிப்பேன்னு பயப்படறான். சாமி சத்தியமா அடிக்க மாட்டேன்டா!

—அம்சா, அவன உலுக்காதே. மெதுவா.

—அண்ணி, நீங்க மடியில போட்டுக்குங்க. நீங்க ஊட்டுங்க.

—நானா? வேணாம் தாயி.

—எனக்கு அவன் வாயத் தொறக்க மாட்டேன்றான். இந்தக் கைய அவனுக்குத் தெரியும், இது அடிக்கிற கை. உங்க கை அவனுக்குத் தெரியாது. ஊட்டுங்க அண்ணி.

—இந்தக் கை ரெண்ட வாங்கிடுச்சின்னு இப்பதானேடி சொன்னே? கதவாண்ட நின்னு கேட்டேனே.

—தப்பு அண்ணி. நான் சொன்னது தப்பு. உங்க கை ஒண்ணும் பண்ணல. எல்லாம் நான்தான் பண்ணேன். இதோ, உங்க கால்ல வேணாலும் வுழறேன்.

—எழுந்திரு. எழுந்திருடி. குடு புள்ளைய... அய்யோ. இவ்ளோதானாடி இவன்? உப்பி இருக்கானேன்னு கனமா இருப்பான்னு நெனச்சிக் கைய நீட்டினேன். பஞ்சு மூட்ட கூட கனக்கும்.

—ஊட்டுங்க அண்ணி.

—தலயக் கொஞ்சம் தூக்கிப் புடி. அப்டித்தான். டேய் கண்ணு, அத்தடா. பக்கத்து வூட்லயே இருந்துக்கினு பதினாலு மாசமா உன்னப் பாக்காத அத்த. இந்தா, ஒரு சொட்டு. கஞ்சிதான், ஒண்ணும் பண்ணாது. ஒதட்டுல வுட்டுட்டேன்.

—உள்ள போச்சா?

—ஓரமா வழியுது. தொடச்சி வுடு. இன்னொண்ணு... இந்தா.

—சோத்தக் கொஞ்சம் நசுக்கிக் குடுங்க அண்ணி. அவன் கேட்டது சோறுதான்.

—சரிடி. இந்தா, வெரல் நுனியில, பாதி பருக்க. வாயத் தொற கண்ணு. ம்... வெச்சிட்டேன்.

—வாங்கிக்கினானா?

—நாக்கு மேல இருக்குது.

—துப்பல, பாத்தீங்களா அண்ணி? செண்பகம் மொத வாயத் துப்பினா. பூமாலை நாக்கால தள்ளினான். இவன் துப்பவே இல்ல. ஏத்துக்கினான் அண்ணி. பதினாலு மாசம் காத்துக்கினு இருந்தான் இல்ல, எப்டித் துப்புவான்? இன்னொரு வாய் வெய்யுங்க.

—இரு.

—ஏன் அண்ணி? வெய்யுங்க. பசி அவனுக்கு.

—இரு அம்சா. கொஞ்சம் பேசாம இரு. நான் அவன் மாருல காத வெக்கறேன்.

—வண்டி சத்தம் கேக்குது. அவரு வந்துட்டாரு. ஏங்க! ஏங்க, இங்க வாங்களேன்! சோறு துன்னுட்டான். அண்ணி கையால துன்னான், துப்பவே இல்ல!

—அப்டியா? நல்லதாப் போச்சி! அக்கா, புள்ளய ஒரு துணியில சுத்திக் குடு. ராயப்பன் வாசல்ல நிக்கறான், ரயிலப் புடிச்சிடலாம்னு சொல்றான். ஜல்தி... இன்னாக்கா? ஏன் அப்டிப் பாக்கறே? குடுக்கா, நேரமாவுது.

—தம்பி, வண்டிய அனுப்பிச்சிடு.